சமயச் சுதந்திரச் சட்டங்களும் தன்பாலீர்ப்பாளர் உரிமையும்: தமிழக அரசியல் விளைவுகள் – கூவாகத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவில் சமயச் சுதந்திரச் சட்டங்களும் தன்பாலீர்ப்பாளர் உரிமையும் நேருக்குநேர் மோதின. தமிழகத்தில் அவ்வாறு மோதவில்லை. இங்கே சமயம் குறித்த சட்டம் ஒருபுறம் அரசியல் இழப்பைத் தந்தது. மறுபுறம், அரசமைப்பின் சமயச் சுதந்திர உறுப்பே திருநங்கையர் திருமண உரிமைக்குச் சான்றாக 2019-இல் எடுத்தாளப்பட்டது. இம்மாற்றத்திற்குக் கூத்தாண்டவர் வழிபாடு போன்ற நாட்டார் சடங்குகள் எவ்வகையில் பின்புலமாயின என்பதையும், அவ்வழி தன்பாலீர்ப்பு இணையர்க்கு ஏன் திறக்கவில்லை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: சமயச் சுதந்திரம், மதமாற்றத் தடைச் சட்டம், கூவாகம், அரவான், திருநங்கையர், தன்பாலீர்ப்பு, சுயமரியாதைத் திருமணம்

முன்னுரை

தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த மணலூர்பேட்டையில் தை மாதம் ஆற்றுத் திருவிழா நடைபெறும். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக இங்கு எழுந்தருள்வார். சுற்றுவட்டார ஊர்களின் தெய்வங்களும் ஆற்று மணலுக்கு வந்துசேரும். அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த கூவாகத்தில், சித்திரை மாதம் கூத்தாண்டவர் திருவிழா நடைபெறும். முன்னதற்கு மாவட்டத்திற்கு வெளியே அவ்வளவாகப் பெயரில்லை, பின்னதற்கு நாடெங்கிலுமிருந்து திருநங்கையர் வருகின்றனர், ஊடகங்களும் வருகின்றன. மணலூர்பேட்டையில் வளர்ந்த இக்கட்டுரையாளர்க்கு இவ்விரு விழாக்களும் சிறுவயது முதல் ஒரே நாட்காட்டியின் இரு நாள்கள். ஆண் ஒருவர் தெய்வத்திற்காகத் தாலி கட்டிக்கொள்வது ஏன் என்று வீட்டில் கேட்டபோது, அது சாமி வழக்கம் என்பதற்கு மேல் விளக்கம் கிடைத்ததில்லை. சட்டமும் அரசியலும் எட்டாத அளவு அவ்விடை பலருக்குப் போதுமானதாக இருந்தது என்பதைப் பின்னாளில், நீதிமன்றத் தீர்ப்புகளைப் படிக்கும்போதுதான் உணர முடிந்தது.

சமயச் சுதந்திரமும் தன்பாலீர்ப்பாளர் உரிமையும் ஒன்றையொன்று விலக்குவன என்ற கருத்து இன்று உலகளாவிய விவாதங்களில் ஏறக்குறைய முடிந்த முடிபாகப் பேசப்படுகின்றது. அமெரிக்கச் சூழலில் அதற்குக் காரணம் உண்டு. அக்கருத்தை அப்படியே தமிழகத்தின்மீது பொருத்திப் பார்ப்பது பிழையான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும் என்பதே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

ஒரு சொல், இரு பொருள்

அமெரிக்காவில் சமயச் சுதந்திர மீட்புச் சட்டம் 1993-இல் பில் கிளிண்டன் ஆட்சியில் இயற்றப்பட்டது. அதற்குத் தூண்டுதலாக அமைந்தது 1990-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று. பழங்குடி மக்களின் திருச்சபைச் சடங்கில் பெயோட்டு என்னும் கள்ளி வகையை உட்கொண்டவர்கள் வேலையிழந்த வழக்கு அது. எல்லோர்க்கும் பொதுவான சட்டத்திலிருந்து சமய நம்பிக்கையின் பெயரால் விலக்குக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதனை மாற்றி, நம்பிக்கையாளரின் மனச்சான்றுக்குக் காப்பளிப்பதே 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கம். சிறுபான்மைச் சடங்கொன்றைக் காக்கப் பிறந்த சட்டம் அது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அதன் பயன்பாடு திசைமாறியது. 2015 மார்ச் 26 அன்று இந்தியானா மாநில ஆளுநர் மைக் பென்சு தம் மாநிலத்திற்கான சமயச் சுதந்திரச் சட்டத்தில் கையொப்பமிட்டார். தன்பாலீர்ப்பாளர்க்குப் பொருளோ சேவையோ தர மறுக்கும் வணிகர்க்கு இச்சட்டம் கேடயமாகும் என்று கடும் எதிர்ப்புக் கிளம்பியது. பெருநிறுவனங்களும் விளையாட்டு அமைப்புகளும் மாநிலத்தைப் புறக்கணிப்போம் என்றன. ஒரே வாரத்தில், ஏப்ரல் 2 அன்று, சட்டம் திருத்தப்பட்டது. அடுத்த ஆண்டு சியார்சியா ஆளுநர் அத்தகைய சட்டமுன்வடிவை மறுதலித்தார். மிசிசிப்பி மாநிலமோ அதனினும் வலிய சட்டத்தை இயற்றியது. வணிகத்தின் அச்சமும் வாக்காளரின் பற்றும் எங்கே எவ்வளவு என்பதற்கேற்ப விளைவுகள் மாறின. பென்சு அரசியலில் வீழ்ந்துவிடவில்லை. 2016 தேர்தலில் துணைக் குடியரசுத் தலைவரானார்.

இந்தியாவில் இதே பெயர் தாங்கிய சட்டங்கள் வேறொரு மரபைச் சார்ந்தவை. ஒடிசாவின் மதச் சுதந்திரச் சட்டம் 1967-இலும், மத்தியப் பிரதேசத்தின் சட்டம் 1968-இலும், அருணாசலப் பிரதேசத்தின் சட்டம் 1978-இலும் இயற்றப்பட்டன. குசராத்து 2003-இலும் இமாச்சலப் பிரதேசம் 2006-இலும் பின்தொடர்ந்தன. இவை அனைத்தும் வற்புறுத்தல், ஏமாற்று, ஆசைகாட்டல் ஆகியவற்றால் நிகழும் மதமாற்றத்தைத் தண்டிப்பவை. ஒடிசா, மத்தியப் பிரதேசச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் 1977-இல் செல்லும் என்றது. சமயத்தைப் பரப்பும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்றும் கூறியது. ஆக, அமெரிக்கச் சட்டம் நம்பிக்கையாளரை அரசிடமிருந்து விலக்கிக் காப்பது. இந்தியச் சட்டம் நம்பிக்கையாளரின் செயலை அரசின் கண்காணிப்பிற்குள் கொணர்வது. இரண்டையும் ‘சமயச் சுதந்திரச் சட்டம்’ என்ற ஒரே தொடரால் குறிப்பதில் உள்ள முரண், ஒப்பீட்டு ஆய்வுகளில் போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

2002–2004: தமிழகச் சட்டமும் தேர்தலும்

தமிழகம் இயற்றிய சட்டம் பெயரளவிலேனும் நேர்மையானது. அது தன்னைச் சுதந்திரச் சட்டம் என்று அழைத்துக்கொள்ளவில்லை. கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் 2002 அக்டோபர் 5 அன்று பிறப்பிக்கப்பட்டு, அம்மாத இறுதியில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை தண்டமும் விதிக்க அது வழிசெய்தது. மாற்றப்படுபவர் சிறார், பெண், பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் எனில் தண்டனை நான்காண்டும் ஓரிலட்சம் ரூபாயும் ஆயிற்று. மதமாற்றச் சடங்கை நடத்துபவர் மாவட்ட ஆட்சியர்க்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. தன் சமயத்தைத் தானே முடிவுசெய்யும் ஆற்றல் பெண்ணுக்கும் தலித்துக்கும் குறைவு என்ற முன்முடிவு இத்தண்டனை வேறுபாட்டிற்குள் ஒளிந்திருந்தது. 1981-இல் மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் இசுலாத்தைத் தழுவிய நிகழ்வின் நினைவு இச்சட்டத்தின் பின்னணியில் இருந்தமையை மறுக்கவியலாது.

கிறித்தவ, இசுலாமிய அமைப்புகளும் தலித் இயக்கங்களும் எதிர்க்கட்சிகளும் போராடின. சிறுபான்மையினர் நடத்திய கல்வி நிறுவனங்கள் எதிர்ப்பின் அடையாளமாக மூடப்பட்டன. ஆயினும், இவ்வாட்சியின் சமயக் கொள்கை சிறுபான்மையினரை மட்டும் தொட்டு நிற்கவில்லை. 2003 ஆகத்தில், 1950-ஆம் ஆண்டின் விலங்கு, பறவை பலித் தடைச் சட்டத்தைக் கண்டிப்பாகச் செயற்படுத்த ஆணை பிறந்தது. அய்யனார், முனியப்பன், அம்மன் கோயில்களில் கிடா வெட்டும் மக்கள், அதாவது எண்ணிக்கையில் பெரும்பான்மையான நாட்டார் இந்துக்கள், தம் வழிபாடு குற்றமாக்கப்பட்டதை உணர்ந்தனர். தென்னார்க்காட்டு ஊர்ப்புறங்களில் மதமாற்றத் தடையைவிட இவ்வாணையே அதிகம் பேசப்பட்டிருக்கும் என்று கருத இடமுண்டு. ஆண்டுதோறும் நேர்த்திக்கடன் செலுத்தும் குடும்பத்திற்கு அது வாசற்படியில் நின்ற சட்டம். மக்களவைத் தேர்தலுக்கு முன்பே, 2004 தொடக்கத்தில், அப்பழைய சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது.

அத்தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணி தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் தோற்றது. முடிவுகள் வெளியான சில நாள்களில், 2004 மே 18 அன்று, முதலமைச்சர் செயலலிதா பல முடிவுகளைத் திரும்பப் பெற்றார்; மதமாற்றத் தடைச் சட்டமும் அவற்றுள் ஒன்று. ஆட்சி மாறிய பின் 2006-இல் அதன் நீக்கம் சட்டமன்றத்தில் முறைப்படுத்தப்பட்டது. தோல்விக்கு இச்சட்டமே காரணம் எனல் மிகை. அரசு ஊழியர் வேலைநிறுத்தம், உழவர்க்கான கட்டணமில்லா மின்சாரம் நிறுத்தப்பட்டமை, எதிரணியின் கூட்டணி வலிமை ஆகியன முதன்மைக் காரணங்கள். எனினும், சமயத்தைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்த முனைந்தால் விலை கொடுக்க நேரும் என்ற பாடத்தை இரு திராவிடக் கட்சிகளும் இதிலிருந்து பெற்றன. அதன்பின் தமிழகத்தில் எக்கட்சி ஆட்சியும் அத்தகைய சட்டத்தை மீண்டும் கொணரவில்லை.

நீதிமன்றத்தில் சமயத் தரப்புகள்

தன்பாலீர்ப்பு குறித்த வழக்குகளில் சமய அமைப்புகள் நேரடியாகவே பங்கேற்றன. தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை வயதுவந்தோர் தனிமையில் விரும்பி இணைவதற்குப் பொருத்தக் கூடாது என்று நாசு அறக்கட்டளை வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2009 சூலை 2 அன்று தீர்ப்பளித்தது. அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றோருள் சோதிடர் ஒருவரும், அனைத்திந்திய முசுலிம் தனியாள் சட்ட வாரியமும், கிறித்தவச் சபை அமைப்புகளும், மனுவின் பெயர் தாங்கிய இந்து அமைப்பொன்றும் அடங்குவர். மதமாற்றத் தடைச் சட்டத்தில் எதிரெதிர் அணிகளில் நின்ற சமயங்கள் இவ்வழக்கில் ஒரே வரிசையில் அமர்ந்தன. 2013 திசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்கள் கோரியவாறே 377-ஆம் பிரிவை நிலைநிறுத்தியது. 2018 செப்டம்பர் 6 அன்றைய ஐவர் அமர்வின் தீர்ப்பே அதனை மாற்றியது.

சமய உரிமையை வழங்கும் அரசமைப்பின் 25-ஆம் உறுப்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, நலவாழ்வு ஆகியவற்றிற்கு உட்பட்டே அதனை வழங்குகின்றது. ஒழுக்கநெறி என்பது யாருடைய ஒழுக்கநெறி? பெரும்பான்மைச் சமூகத்தினதா, அரசமைப்பினதா? 2009, 2018 தீர்ப்புகள் அம்பேத்கரின் சொல்லாட்சியைப் பற்றி அரசமைப்பு ஒழுக்கநெறியையே முதன்மைப்படுத்தின. சமய நம்பிக்கை பிறரின் தனிவாழ்வைக் குற்றமாக்கும் அளவு நீள முடியாது என்பது அதன் உட்பொருள்.

நாடாளுமன்றத்தில் நிகழ்ந்தது இன்னும் தெளிவானது. இந்தியானா சட்டம் திருத்தப்பட்ட அதே 2015 ஏப்ரலில், 24-ஆம் நாள், தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொணர்ந்த திருநர் உரிமைத் தனிநபர் சட்டமுன்வடிவு மாநிலங்களவையில் நிறைவேறியது. பல பத்தாண்டுகளில் ஓர் அவையில் நிறைவேறிய முதல் தனிநபர் முன்வடிவு அது. அதே ஆண்டு திசம்பரில் 377-ஆம் பிரிவைத் திருத்த சசி தரூர் முன்வடிவு கொணர்ந்தபோது, அறிமுக நிலையிலேயே 71-க்கு 24 என்ற வாக்குகளில் மக்களவை அதனை நிராகரித்தது. திருநர்க்குக் கதவு திறந்த ஆண்டிலேயே தன்பாலீர்ப்பாளர்க்கு அது அடைக்கப்பட்டது. இவ்வேறுபாட்டின் வேர்களைத் தேடும்போதுதான் கூவாகம் ஆய்வுப் பொருளாகின்றது.

கூவாகம்: சடங்கு தந்த ஏற்பு

பாரதப் போரில் வெற்றி வேண்டிக் காளிக்குக் களப்பலியாகத் தன்னை அளித்தவன் அருச்சுனன் மகன் அரவான். பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலும், வில்லிபாரதத்தின் களப்பலியூட்டுச் சருக்கத்திலும் இப்பலி இடம்பெறுகின்றது. வியாச பாரதத்தில் இல்லாத தமிழ் மரபு இது. போரைக் காணவேண்டும் என்பதே இலக்கியத்தில் அவன் பெறும் வரம். பலிக்கு முன் ஓரிரவேனும் மணவாழ்வு வேண்டினான், மறுநாள் இறப்பவனுக்குப் பெண் தர எவரும் முன்வராமையால் கண்ணனே மோகினியாகி அவனை மணந்தான் என்ற கதை வாய்மொழியிலும் வழிபாட்டிலும் வளர்ந்தது. தென்னார்க்காட்டுத் திரௌபதியம்மன் வழிபாட்டையும் தெருக்கூத்தையும் விரிவாக ஆராய்ந்த ஆல்பு இல்டுபைட்டல், கூத்தாண்டவர் மரபு குறித்து 1995-இல் தனிக் கட்டுரையே எழுதியுள்ளார். கடலூர் மாவட்டத்துக் கொத்தட்டை உள்ளிட்ட வேறு ஊர்களிலும் கூத்தாண்டவர் கோயில்கள் உள்ளன. கூவாகம் அவற்றுள் புகழ்பெற்றது.

பதினெட்டு நாள் விழாவின் உச்சத்தில், திருநங்கையர் பூசாரியின் கையால் தாலி கட்டிக்கொள்வர். இரவு கும்மியும் ஆட்டமுமாகக் கழியும். மறுநாள் அரவான் தேர் ஊர்வலம் வந்து அழுகளம் சேர்ந்ததும் தாலி அறுக்கப்படும், வளையல் உடைக்கப்படும், ஒப்பாரி எழும், வெள்ளைச் சேலை உடுத்து ஊர் திரும்புவர். ஊடகப் படங்களில் பதியாத செய்தியொன்றும் உண்டு. தாலி கட்டிக்கொள்வோர் திருநங்கையர் மட்டுமல்லர். சுற்றுவட்டார ஊர்களைச் சேர்ந்த ஆண்களும், மனைவி மக்களோடு வாழ்பவர்களே, நேர்த்திக்கடனாகத் தாலி கட்டி அறுத்துக்கொள்கின்றனர். ஓர் ஆண் ஓரிரவு தெய்வத்தின் மனைவியாவது அவ்வூர்களில் வெட்கத்திற்குரியதன்று. குடும்ப நலனுக்கான வேண்டுதல்.

இச்சடங்கை உரிமைப் போராட்டமாகக் காண்பது மிகைவாசிப்பு. ஆனால், அது மூன்று வகையில் அரசியற் பயன் தந்தது. முதலாவது, பெயர். அரவானின் மனைவியர் என்ற பொருளில் அரவாணி என்னும் சொல் இழிசொற்களுக்கு மாற்றாகப் பரவியது. 2008 ஏப்ரல் 15-இல் தமிழக அரசு அமைத்த நலவாரியம் அச்சொல்லாலேயே அரவாணிகள் நல வாரியம் எனப்பட்டது. பின்னர் திருநங்கை என்ற சொல் அதனை விலக்கியது. வழிபாட்டு அடையாளத்திலிருந்து குடிமை அடையாளத்திற்கு நகர்ந்ததன் சான்று அச்சொல் மாற்றம். சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ 1994-இலேயே இவ்வாழ்வை நாவலாக்கி வாசகர்முன் வைத்திருந்தது. இரண்டாவது, மேடை. விழாவையொட்டி விழுப்புரத்தில் நிகழும் அழகிப்போட்டியில் அரசியல்வாதிகள் தோன்றுவது வழக்கமாயிற்று. எக்கட்சிக்கும் அதனால் வாக்கிழப்பு நேரவில்லை. மூன்றாவது, சான்று. 2014 ஏப்ரல் 15 அன்று திருநரை மூன்றாம் பாலினமாக ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இந்தியப் பண்பாட்டில் திருநர்க்கிருந்த இடத்தை நிறுவ அரவான் கதையையும் தமிழகத்து அரவாணியரையும் எடுத்துக்காட்டியது. உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துச் சிற்றூர் ஒன்றின் வழிபாடு நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வரலாற்றுச் சான்றானது.

தூத்துக்குடி வழக்கு

2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடிக் கோயிலொன்றில் ஆண் ஒருவரும் திருநங்கை ஒருவரும் மணந்தனர். திருமணம் நடந்ததைக் கிராம நிருவாக அலுவலர் சான்றளித்தார். கோயில் தரப்பினர் கையொப்பமிட மறுத்தனர். பதிவு அலுவலகம் பதிவு செய்ய மறுத்தது. இந்துத் திருமணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் வரும் மணமகள் என்ற சொல் பெண்ணை மட்டுமே குறிக்கும் என்பது அரசுத் தரப்பின் வாதம்.

சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22 அன்று அவ்வாதத்தை ஏற்கவில்லை. மணமகள் என்ற சொல்லுக்கு மாறாத பொருள் இருக்க முடியாது; தம்மைப் பெண்ணென உணரும் திருநங்கையும் அச்சொல்லில் அடங்குவார் என்றார். இக்கட்டுரைக்கு அதனினும் முக்கியமானது அடுத்த வாதம். மணமக்கள் இருவரும் இந்துக்கள். அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டிருக்கலாம். ஆயினும் சமயச் சடங்காகக் கோயிலில் மணந்தனர். எனவே பதிவு மறுக்கப்பட்டதால் 25-ஆம் உறுப்பு வழங்கும் சமய உரிமையும் மீறப்பட்டது என்பது நீதிமன்றத்தின் முடிவு.

இதனை இந்தியானாவின் அருகில் வைத்து நோக்கவேண்டும். அங்கே பாலினச் சிறுபான்மையினர்க்குச் சேவை மறுப்பவர் சமயச் சுதந்திரத்தைக் கேடயமாக ஏந்தினார். இங்கே மறுக்கப்பட்டவர் அதே சுதந்திரத்தைத் தம் உரிமையாகக் கேட்டுப் பெற்றார். அங்கே சமயம் ஒருவர் கையில் இருப்பதாகவும், பாலின அடையாளம் மற்றவர் கையில் இருப்பதாகவும் சட்டம் பிரித்துக்கண்டது. இரண்டும் ஒருவரிடமே இருக்கக்கூடும் என்பது இங்கே தெளிவாயிற்று. தெய்வத்தின் முன் தாலி கட்டும் திருநங்கையைக் கண்டு பழகிய நிலத்தில் இது எளிதில் தோன்றக்கூடிய சிந்தனை. இதனால் தமிழகத்தில் அரசியல் கொந்தளிப்பு எழவில்லை.

வாசலின் அளவு

ஆனால் இவ்வழி எல்லோர்க்கும் திறந்ததன்று. திருநங்கை மணமகள் என்று வாசிக்கப்பட்டதால்தான் அந்தத் திருமணம் ஆண், பெண் என்ற பழைய சட்டகத்திற்குள் பொருந்தியது. கூவாகத்துச் சடங்கும் அவ்வாறே: மோகினி பெண்ணுருவில் மணக்கின்றாள். இரு ஆண்களோ இரு பெண்களோ தம் உருவிலேயே இணைவதற்கு அக்கதையில் இடமில்லை.

திருமண உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17-ஆம் நாள் தீர்ப்பு இக்கோட்டைத் துல்லியமாக வரைந்தது. எதிர்பால் உறவிலுள்ள திருநர் நடைமுறையிலுள்ள சட்டங்களின்படியே மணக்கலாம் என்பதில் ஐந்து நீதிபதிகளும் உடன்பட்டனர். தன்பாலீர்ப்பு இணையர்க்குத் திருமணம் அடிப்படை உரிமையன்று என்பதிலும் உடன்பட்டனர். குடிமை இணைவுக்கேனும் ஏற்பளிக்கலாம் என்ற கருத்து மூவருக்கு இருவர் என்ற பிரிவில் தோற்றது. சட்டமியற்றுவது அவைகளின் பணி என்று பொறுப்பு அங்கே மாற்றப்பட்டது. வழக்கு நடந்தபோது ஒன்றிய அரசு மாநிலங்களிடம் கருத்துக் கேட்டது. இராசத்தான், ஆந்திரப் பிரதேசம், அசாம் ஆகியன எதிர்த்தன. மகாராட்டிரம், உத்தரப் பிரதேசம், மணிப்பூர், சிக்கிம் ஆகியன காலம் கேட்டன. அவ்வாறு விடையளித்த ஏழு மாநிலங்களுள் தமிழ்நாடு இல்லை. சமூகநீதியில் முன்னோடி என்று தன்னை உரைக்கும் மாநிலத்தின் அம்மௌனம் தற்செயலானதாகத் தோன்றவில்லை. வாரியம், உதவித்தொகை, கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் எனத் திருநங்கையரைப் பயனாளியாக ஏற்பதில் கட்சிகளுக்குத் தயக்கமில்லை. சொத்து, வாரிசு, சாதி ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் குடும்பம் என்னும் அமைப்பைத் தொடும் கோரிக்கை வந்தால் தயக்கம் தொடங்குகின்றது.

அத்தயக்கத்தின் சுமை யார்மீது விழுகின்றது என்பதை வழக்குகள் காட்டுகின்றன. மதுரையிலிருந்து வெளியேறிச் சென்னையில் அடைக்கலம் தேடிய இரு பெண்களைக் காணவில்லை எனப் பெற்றோர் காவல்துறையில் முறையிட்ட வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேசு தமக்கே இப்பொருளில் தெளிவு தேவை என்று கூறி உளவியலாளரிடம் அமர்ந்து கற்றார். 2021 சூன் 7-ஆம் நாள் ஆணையில் பாலீர்ப்பை மாற்றும் ‘சிகிச்சை’களுக்குத் தடை விதித்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே, இச்சமூகத்தினரைக் காவலர் துன்புறுத்துவதைத் தடுக்கும் நடத்தை விதி 2022-இல் சேர்க்கப்பட்டது; அரசிதழில் தமிழ்ச் சொற்களஞ்சியமும் வெளியாயிற்று. 2023 நவம்பரில் குடும்பத் தொடர்பு ஆவணம் என்ற பதிவுமுறையைப் பரிசீலிக்குமாறு அரசுக்கு அவர் பரிந்துரைத்தார். 2025 மே 22 அன்று, பெண் இணையர் பற்றிய ஆட்கொணர்வு வழக்கொன்றில், நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்றனர். 2019-இல் 25-ஆம் உறுப்பைத் துணைக்கழைத்த அதே நீதிபதி, இவ்வழக்கில் தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்தாக்கத்தையே நாட வேண்டியிருந்தது. சமயத்தின் வாசல் இவ்விரு பெண்களின் அளவுக்கு இல்லை.

1967-இன் முன்மாதிரி

சமயத்திற்கு வெளியே ஒரு வாசலைத் தமிழகம் முன்பே கட்டியுள்ளது என்பது இவ்விவாதத்தில் மறக்கப்படுகின்றது. புரோகிதரும் தீவலமும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் 1920களின் இறுதியிலிருந்தே நடந்துவந்தன. 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் அவை செல்லா என்றது. ஊரறிய வாழ்ந்த இணையர் சட்டத்தின் கண்ணில் மணமாகாதவராயினர். அவர்தம் பிள்ளைகளின் சொத்துரிமை ஐயத்திற்குள்ளாயிற்று. அண்ணா தலைமையிலான அரசு 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்து அவற்றைச் செல்லத்தக்கனவாக்கியது. முன்பு நடந்தவற்றிற்கும் அவ்வேற்பு பொருந்துமாறு செய்தது. வாழ்க்கை முந்திச் செல்ல, சட்டம் பின்னே வந்து சேர்ந்தது.

அப்பிரிவின் வாசகம் நுணுகி நோக்கத்தக்கது. எந்த இரு இந்துக்களுக்கிடையிலும் நடைபெறும் திருமணம் என்றே அது தொடங்குகின்றது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் உறுதிமொழி கூறல், மாலையோ மோதிரமோ மாற்றல், தாலி கட்டல் ஆகியவற்றுள் ஒன்றே போதும். பாலினம் நுழைவது உறுதிமொழியில்தான்: ஒருவர் மற்றவரைத் தம் மனைவியாக அல்லது தம் கணவராக ஏற்பதாகக் கூறவேண்டும். தடையாக நிற்பவை அவ்விரு சொற்களும், மணமகன், மணமகள் என வயது வரையறுக்கும் 5-ஆம் பிரிவின் சொற்களும்.

இந்துக்களுக்கு மட்டும் உரிய பிரிவு என்ற குறை இதற்கு உண்டு. கிறித்தவ, இசுலாமிய இணையர்க்கு இது பயன்படாது. குடும்பத் தொடர்பு ஆவணம் போன்ற பதிவுமுறைக்கு அக்குறை இல்லை. திருமணத்தின் முழு உரிமைகளும் அதில் இல்லை. எதனைத் தேர்வதென்பது விவாதத்திற்குரியது. ஆனால், ஒன்றிய அரசின் அதிகாரம் என்று கூறி மாநிலம் ஒதுங்கிக்கொள்வதற்கு இடமில்லை. திருமணம் ஏழாம் அட்டவணையின் பொதுப் பட்டியலில், 5-ஆம் பதிவில் உள்ளது. ஒன்றியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலத் திருத்தத்திற்குக் குடியரசுத் தலைவரின் இசைவு வேண்டும். இசைவு மறுக்கப்படலாம், மறுக்கப்பட்டாலும் சட்டமன்றத்தின் நிலைப்பாடு பதிவாகியிருக்கும். 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் மறுஆய்வு மனுக்களும் 2025 சனவரியில் தள்ளுபடியான நிலையில், வழக்கு மன்றத்தில் எஞ்சியுள்ள வாய்ப்பு மிகக் குறுகியது. 1967-இல் சட்டமன்றத்தில் நிகழ்ந்ததைப் போன்றதொரு விவாதம் தன்பாலீர்ப்பு இணையர் குறித்து இன்றளவும் அங்கு நிகழவில்லை.